மல்லாவிக்கு ஒரு பழைய கார்: அக்குவா எடுக்கலாமோ? ஓப்பன் பேப்பர் பறவாயில்லையோ?

மல்லாவிக் காற்று · தை 10, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் முதல்முதல் எழுதுறன். இருக்கிறது மல்லாவி, வேலை துணுக்காயில. அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். மாதத்தில ரெண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போக வேணும். இவ்வளவு காலமும் மாங்குளம் மட்டும் ஓட்டோ, அங்கயிருந்து பஸ். இப்ப அவரால பஸ் படி ஏற ஏலாது. வான் பிடிச்சுப் போய்க் கட்டுப்படியாகேல்லை.

கையில 45 லட்சம் இருக்கு. அதில பாதி அண்ணை சுவிஸில இருந்து அனுப்பினது. மிச்சத்துக்கு 15 லட்சம் லீசிங் போடலாம் எண்டு யோசனை. வவுனியாவில ஒரு ரொயோட்டா அக்குவா ஹைபிரிட் கார் விளம்பரம் பாத்தனான். 2014, ஓட்டம் 52,000 கிலோமீற்றர், கேக்கிறது 58 லட்சம். படத்தில கண்ணாடி மாதிரி மினுங்குது. கொழும்பில ஒராள் மட்டும் ஓடின ஒரு கை வாகனமாம். ஓப்பன் பேப்பர், அதால பேர் மாத்திற செலவும் உங்களுக்கு மிச்சம் எண்டு விக்கிறவர் சொல்லுறார்.

எனக்கு மெக்கானிக் வேலை ஒண்டும் தெரியாது. மோட்டச்சைக்கிள் பிளக் கழட்டித் துடைக்கத் தெரியும், அவ்வளவுதான். போனால் என்னத்தைப் பாக்க வேணும்?

ஒட்டுசுட்டான் · தை 10, இரவு 9.30

2014 காருக்கு 52,000 ஓட்டமோ? அவ்வளவு காலமும் அது போர்வை போத்திக்கொண்டு படுத்ததாக்கும்.

புதுக்குடியிருப்பு ரீச்சர் · தை 10, இரவு 10.05

தம்பி, ஓட்டத்தைப் பேந்து பாப்பம். "ஒரு கை", "ஓப்பன் பேப்பர்" ரெண்டையும் ஒரே வாயால சொன்னவர் எண்டால் அங்கயே நில்லுங்கோ. ஓப்பன் பேப்பர் எண்டால் என்ன? வாகனப் பதிவுப் புத்தகத்தில பேர் இருக்கிற ஆள், வாங்கிறவரின்ர இடத்தை வெறுமையா விட்டு, பேர் மாத்திற எம்.ரி.ஏ. 6 படிவத்தில கையெழுத்து வச்சுக் குடுத்திட்டுப் போயிடுவார். அந்தத் தாளோட கார் அஞ்சு கை மாறலாம். புத்தகத்தில அப்பவும் ஒரு பேர்தான் நிக்கும். "ஒரு கை" எண்டதுக்கு ஆதாரமா உங்களுக்குக் காட்டப் போறதும் அந்தப் பேரைத்தான்.

நான் பட்டதைச் சொல்லுறன். 2017 இல ஒரு நிசான் சனி ஓப்பன் பேப்பரில எடுத்தனாங்கள். புத்தகக்காரர் குருநாகல் பக்கம். மாத்துவம், மாத்துவம் எண்டு அஞ்சு வருசம் போச்சு. 2022 இல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூ.ஆர். பங்கீடு வந்தது ஞாபகம் இருக்குத்தானே, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். நான் பதியப் போனால் என்ர காரின்ர சசி நம்பரில (சட்டக இலக்கம்) முன்னமே யாரோ பதிஞ்சிட்டினம் எண்டு காட்டுது! எந்தக் கையில இருந்த ஆளோ, ஆர் கண்டது. புத்தகக்காரரைத் தேடினால் அவர் அதுக்கு முதல் வருசம் செத்துப் போயிட்டார். பிள்ளையள் நல்ல சனம், ஆனால் சொத்துப் பங்கீடு முடியாமல் அவையாலும் ஒண்டும் செய்ய ஏலாது. மூண்டு மாதம் சைக்கிளில பள்ளிக்கூடம் போனனான். கார் வீட்டு முத்தத்தில நிண்டது, கோழி முட்டை இட்டது.

வவுனியா 21 · தை 11, காலை 7.48

ரீச்சருக்கு நடந்தது கவலைதான். ஆனால் ஓப்பன் பேப்பர் எண்டவுடன கள்ள வாகனம் மாதிரிக் கதைக்கிறது சரியில்லை. நானும் இந்தத் தொழிலில இருக்கிறவன்தான், ஒளிக்கேல்லை. ஒரு கார்ச் சேலும் எடுக்கிற வாகனத்தைத் தன்ர பேருக்கு மாத்தி விக்காது. மாத்தினால் கட்டணம், ஒரு கை கூடும், விலை விழும். ஊர் முழுக்க அப்பிடித்தான்.

பாக்க வேண்டியது தாள் எவ்வளவு பழசு எண்டதை. கையெழுத்து வச்சு ரெண்டு மாதம், புத்தகக்காரர் போன் எடுத்தால் கதைக்கிறார், அடையாள அட்டைப் பிரதி இருக்கு எண்டால் பயப்பிடத் தேவையில்லை. ரெண்டு வருசம் பழசு எண்டால் நானே எடுக்க மாட்டன்.

புதுக்குடியிருப்பு ரீச்சர் · தை 11, காலை 8.20

அப்ப தம்பி, புத்தகக்காரரோட நேர கதைச்ச பிறகு காசைக் குடுங்கோ. 21 தம்பியே சொல்லுறார்.

இன்னொண்டு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள இணையத்தளத்தில வாகன நம்பரைப் போட்டுச் சிறு கட்டணம் கட்டினால் விபரம் எடுக்கலாம். அதில "முழு உரிமையாளர்" எண்ட இடத்தைப் பாருங்கோ. அதில ஒரு லீசிங் கம்பனியின்ர பேர் நிண்டால், கட்டி முடிச்சாச்சு எண்டு ஆர் சத்தியம் பண்ணினாலும் கம்பனியின்ர விடுவிப்புக் கடிதம் கண்ணால காணாமல் ஒரு ரூபாயும் குடுக்காதேங்கோ.

கிளிநொச்சி ரிங்கர் · தை 11, பகல் 1.35

சாப்பாட்டு நேரத்தில எழுதுறன், பிழை இருந்தால் மன்னிக்கவும். இருபது வருசமா அடிபட்ட வாகனத்தை அடிபடாத மாதிரி ஆக்கிக் குடுக்கிறதுதான் என்ர தொழில். அதால தம்பிக்கு மற்றப் பக்கத்தால சொல்லுறன்.

காலமை போ. ஸ்ராட் பண்ணி வைக்க வேண்டாம் எண்டு முதல் நாளே சொல்லிப்போட்டுப் போ. போனவுடன பொனற்றில கையை வை. சூடா இருந்தால் உனக்குக் காட்டக் கூடாத ஏதோ ஒண்டை ஓடி மறைச்சிட்டினம். குளிர் எஞ்சின் பிடிக்கேக்க ஒராள் பின்னால நிக்க வேணும். நீலப் புகை வந்தால் ஒயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காமல் இனிச்ச மணத்தோட வந்தால் எஞ்சினைக் குளிராக்கிற கூலன்ற் உள்ள போகுது. பெற்றோல் காரில கறுப்புப் புகை எண்டால் பெற்றோல் கூடப் போகுது, அது பெரிய வருத்தம் இல்லை. ஒயில் மூடியைக் கழட்டிப் பார், உள்ளுக்குத் தயிர் மாதிரி இருந்தால் வீட்ட வா.

பிறகு காரின்ர பொடி, உடம்புத் தகரம். கதவு ரப்பரை இழுத்து உரிச்சுப் பார். கம்பனி வெல்டிங் சின்னச் சின்னப் பொட்டா ஒரே இடைவெளியில போகும். நாங்கள் எவ்வளவு வடிவாச் செய்தாலும் அந்தப் பொட்டு வராது. பொனற் போல்ற்றுத் தலையில பெயின்ற் கீறுப்பட்டிருந்தால் கழட்டியிருக்கு. கண்ணாடியள் எல்லாத்திலயும் மூலையில செய்த கம்பனிக் குறி இருக்கும், ஒண்டு மட்டும் வேறயா இருந்தால் ஏன் எண்டு கேள். ரயரில நாலு இலக்கம் இருக்கும். 2219 எண்டால் 2019 ஆம் ஆண்டு 22 ஆவது கிழமை செய்தது. 52,000 ஓடின கார் எண்டு சொல்லுற ஆளின்ர பிறேக் மிதி ரப்பரையும் ஸ்ரேறிங் தோலையும் பார். மீற்றரைக் குறைக்கிற மாதிரி அதைக் குறைக்க ஏலாது.

முன் மட்காட் மாத்தினது, பம்பர் ஒட்டினது எல்லாம் பறவாயில்லை. பரந்தன் முல்லைத்தீவு றோட்டில மாடு பாயாத கார் ஒண்டும் இல்லை. சசி நுனி வளைஞ்சு நிமித்தினது, எயார்பாக் வெடிச்சது, இந்த ரெண்டும்தான் கூடாது. திறப்பை ஓன் பண்ணேக்க எயார்பாக் லைற் ஒருக்கா எரிஞ்சு அணைய வேணும். எரியவே இல்லை எண்டால் பல்ப்பைக் கழட்டி வச்சிருக்கினம் எண்டு நினை.

இப்ப முக்கியமானது. 2025 கார்த்திகையில டித்வா புயல் வெள்ளத்தில தெற்கில எவ்வளவு வாகனம் தாண்டது எண்டு ரீவியில பாத்தனாங்கள். அதெல்லாம் எங்க போகும்? கழுவி, காயவச்சு, தூரத்துக்குக் கொண்டுவந்து விப்பினம். 2018 மார்கழியில இரணைமடு வான்கதவு திறந்தாப் பிறகு எங்கட கராச்சுக்கு வந்த வாகனங்களில கற்றது இது: சீற் பெல்ற்றைக் கடைசி மட்டும் இழு. மேல் முழம் சுத்தமா இருக்கும், அடி முழத்தில தண்ணி நிண்ட கோடு இருக்கும். அதை ஒருத்தரும் கழுவுறேல்லை. சீற் போடுற தண்டவாளத்தில கறள், ஸ்பெயார் ரயர்க் குழிக்குள்ள மண், லைற்றுக்குள்ள வேர்வை. உள்ளுக்கு வாசனைப் போத்தில் ரெண்டு மூண்டு தொங்கினால் இன்னும் நல்லா மூக்கை வை.

அதோட கிரவல் தூசி வேற, வண்டல் வேற. எங்கட காரில கதவு இடுக்கில சிவத்தத் தூசி இருக்கும், விரலால துடைச்சால் போகும். வெள்ள வண்டல் நரைநிறம், நகத்தால சுரண்ட வேணும்.

அக்குவா பெற்றோலிலயும் பற்றரியிலயும் சேந்து ஓடுற ஹைபிரிட், அந்தப் பற்றரி பின் சீற்றுக்குக் கீழ. தண்ணி சீற் மட்டத்துக்கு வந்தால் முதல் முழுகிறதே அதுதான்.

மல்லாவிக் காற்று · தை 11, இரவு 8.02

ரிங்கர் அண்ணை, கொப்பியில எழுதி வச்சிட்டன். வாற சனி போறன்.

பழைய மொறிஸ் · தை 11, இரவு 8.50

பிள்ளையள் இப்ப பற்றரி, ஹைபிரிட் எண்டு கதைக்கிறியள். தொண்ணூறுகளில வன்னிக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் விடமாட்டினம். ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சப் பெற்றோல், பேந்து மண்ணெண்ணெயில மொறிஸ் மைனர் ஓடினனாங்கள். முழுக் கிராமமும் மணக்கும். அந்தக் காருக்குக் கொம்பியூட்டர் ஸ்கான் இல்லை, காதுதான் ஸ்கான்.

ஆனால் தம்பிக்கு ஒண்டு சொல்ல வேணும். "இடம்பெயர்வில புத்தகம் துலைஞ்சு போச்சு, வாகனம் நல்லம், மலிவாத் தாறன்" எண்டு ஒராள் வந்தால், கதை உண்மையா இருக்கலாம். என்ர மொறிஸின்ர புத்தகமும் 2009 இல மாத்தளனில துணிப் பையோட போனதுதான். ஆனால் பிரதிப் புத்தகம் எடுக்க வேண்டியது பேர் இருக்கிற ஆள். அவர் எடுத்துக் கையில வச்சுக்கொண்டு விக்கட்டும். நீ வாங்கின பிறகு எடுத்துத் தாறன் எண்டால் வேண்டாம். இரக்கம் வேற, வியாபாரம் வேற எண்டு பிந்தித்தான் படிச்சனான்.

பரந்தன் சந்தி · தை 12, காலை 6.40

ஆரும் கணக்குப் பாக்கேல்லை. மல்லாவியில இருந்து வவுனியா போக வர 130 கிலோமீற்றர் அளவில வரும். மாதம் ரெண்டு தரம் எண்டால் 260. கோயில் குளம், கிளிநொச்சி எல்லாம் சேத்து 500 எண்டு வைப்பம்.

அக்குவா லீற்றருக்கு 22 ஓடினால் மாதம் 23 லீற்றர். சாதாரண சின்னக் கார் 16 ஓடினால் 31 லீற்றர். வித்தியாசம் 8 லீற்றர். பெற்றோல் 300 ரூபா எண்டு வச்சால் மாதம் 2,400. வருசத்துக்கு 30,000 உம் இல்லை. இதுக்காகவோ 15 லட்சம் லீசிங் எடுக்கப் போறீர்? ஒரு மாத லீசிங் தவணையே வருசப் பெற்றோல் மிச்சத்தை விழுங்கிப்போடும் போல கிடக்கு.

ஹைபிரிட் ஒவ்வொரு நாளும் கன தூரம் ஓடுற ஆளுக்கு. கிழமையில அஞ்சு நாள் மாமரத்துக்குக் கீழ நிக்கிற காருக்கு இல்லை. பற்றரியைச் சும்மா விட்டாலும் பழுதாகும்.

கிளிநொச்சி ரிங்கர் · தை 12, காலை 7.15

சந்தி சொல்லுறது நூற்றுக்கு நூறு. இன்னொண்டும் இருக்கு. அக்குவா பற்றரியைக் குளிராக்கிற காத்தாடி காருக்கு உள்ளால, பின் சீற் பக்கத்தால காத்து எடுக்கும். மல்லாவி உள் றோட்டுத் தூசியில அந்த வலை ஒரு வருசத்தில அடைச்சுப் போகும். கொழும்பில எட்டு வருசம் நிண்ட பற்றரி இஞ்ச ரெண்டு வருசத்தில படுக்கிறதுக்குப் பாதிக் காரணம் அதுதான். ஆரும் துடைக்கிறேல்லை, அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. பிறகு ஜப்பான்காரனுக்குப் பேச்சு.

ரொறன்ரோ மாமா · தை 12, மாலை 5.55

தம்பி நான் கனடாவில இருந்து எழுதுறன். என்ன எல்லாரும் சின்னக் கார் சின்னக் கார் எண்டு. ஒரு நல்ல டொல்பின் வான் எடுமன். குடும்பத்தோட கோயிலுக்குப் போகலாம், நாங்களும் வந்தால் ஏறலாம், மிச்ச நாளில ஹயருக்கு விடலாம்.

ஒட்டுசுட்டான் · தை 12, மாலை 6.01

மாமா ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்து மூண்டு கிழமை ஏறுறதுக்குத் தம்பி டீசல் வான் வளக்கட்டும் என்ன.

ரொறன்ரோ மாமா · தை 12, மாலை 6.20

பகிடி விடாதையும். சரி வான் வேண்டாம். ஆனால் எயார்பாக் இல்லாத அல்ரோ மாதிரிச் சின்னக் காரை எடுக்கச் சொல்லிக் குடுக்காதேங்கோ. ஏ9 இல இரவில பஸ் ஓடுற ஓட்டம் எனக்கும் தெரியும். வருத்தக்கார மனுசனை வச்சுக்கொண்டு ஓடுற பெடியன்.

பரந்தன் சந்தி · தை 12, மாலை 7.10

மாமா சொல்லுறதில ஞாயம் இருக்கு. கன இந்திய அல்ரோவில எயார்பாக் இல்லை, பழசில பிறேக் பூட்டுப்படாமல் காக்கிற ஏ.பி.எஸ்ஸும் இல்லை. ஆனால் வெடிச்சு, அகற்றி, மூடி ஒட்டின எயார்பாக்கோட வாற ஜப்பான் காரை விட அது நேர்மையான கார்.

முல்லைக்கரை · தை 13, இரவு 9.40

என்ர பங்குக்கு ஒண்டு. எங்கட கரையோர வாகனம் மலிவா வரும். எடுக்க முதல் கட்டாயம் காரைத் தூக்கிற ஹொயிஸ்ற்றில ஏத்திக் கீழ பாருங்கோ. உப்புக்காத்து கதவின்ர அடியையும் சைலன்சரையும் முதல் தின்னும். அதை விட, மீன் பெட்டி ஏத்தின கார் எண்டால் ஐஸ் தண்ணி வடிஞ்சு தரை உள்ளுக்குள்ள இருந்தே கறள் பிடிக்கும். மேலால புதுக் காப்பெற் போட்டிருப்பினம். நான் அப்பிடி ஒரு கரோலா வித்தனான். வாங்கின ஆளுக்குச் சொல்லித்தான் வித்தனான், நம்பினால் நம்புங்கோ.

காட்டுப் பக்கத்து வாகனத்துக்கு வேற வருத்தம். பின் சீற் கழட்டிக் கழட்டிப் பூட்டின அடையாளம், டிக்கித் தரையில நீட்டுக்குக் கீறல், பின் ஸ்பிறிங் தாண்டிருக்கும். முதிரை மரக் குத்தி ஏத்தினது. மர வழக்கில பிடிபட்ட வாகனத்தைக் கோட்டில பிணையில எடுத்து ஓடித் திரிவினம். வழக்கு முடிய முதல் அதை விக்க உரிமையில்லை, தீர்ப்பில வாகனமே அரசுடைமை ஆகலாம். நம்பரைக் கொண்டுபோய்த் தெரிஞ்ச ஒரு சட்டத்தரணியிட்டக் காட்டுறது நல்லம்.

வவுனியா 21 · தை 14, காலை 10.11

ரீச்சருக்கு ஒரு கேள்வி. எல்லாத்தையும் பாத்து எடு எண்டு சொல்லுறியள். இந்த இழையில சொன்ன எல்லாம் சரியா இருக்கிற கார் வன்னியில எங்க நிக்குது எண்டும் சொல்லுங்கோ, நானே எடுக்கிறன்.

புதுக்குடியிருப்பு ரீச்சர் · தை 14, பகல் 12.30

சரியான கேள்வி. இல்லைத்தான். என்ன பிழை இருக்கெண்டு தெரிஞ்சு எடுத்தால் விலையில கழிக்கலாம். தெரியாமல் எடுத்தால் எங்கட கழுத்தில.

நாளைக்குப் பொங்கல், எல்லாருக்கும் வாழ்த்துகள். தம்பி, நல்ல நாள் எண்டு அவசரப்பட்டு அட்வான்ஸ் குடுத்திடாதேங்கோ.

மல்லாவிக் காற்று · தை 17, இரவு 9.25

போய்ப் பாத்திட்டு இப்பத்தான் வந்தனான். கொஞ்சம் நீட்டா எழுதுறன்.

மாங்குளத்தில இருந்து ஒரு மெக்கானிக் அண்ணையைக் கூட்டிக்கொண்டு, அப்பாவையும் ஏத்திக்கொண்டு போனனான். முதல் நாள் இரவு நம்பரைப் போட்டுப் பாத்தனான். முழு உரிமையாளர் இடத்தில ஒண்டும் இல்லை, புத்தகக்காரர் கம்பஹா. போன் நம்பர் கேட்டால் "அவர் வெளிநாடு" எண்டார். தாளில திகதி போன வருசம் ஆவணி.

கார் வடிவுதான். பொய் சொல்லக் கூடாது, எனக்கு ஆசை வந்திட்டுது. பொனற் இளஞ்சூடு. "காலமை கழுவி நகட்டினது" எண்டார். பிறேக் மிதி ரப்பர் புத்தம் புதுசு, அக்சிலேற்றர் மிதி தேஞ்சு வழுக்குது. மெக்கானிக் அண்ணை சிரிச்சவர். பேந்து நான் பின் சீற் பெல்ற்றை இழுத்தன். இழுக்க இழுக்க வருகுது, கடைசியில ஒரு சாண் அளவுக்கு மண்ணிறம், அதுக்கு மேல நேர் கோடு. ரிங்கர் அண்ணை, நீங்கள் எழுதினதைப் பாத்துக்கொண்டு எழுதின மாதிரி.

"தேத்தண்ணி ஊத்துப்பட்டிருக்கும்" எண்டார்.

டிக்கி மட்டையைத் தூக்க, ஓரத்தில நரைச்ச மண் நகத்துக்குள்ள வந்தது. பற்றரிப் பக்கம் அண்ணை ஸ்கான் போட்டார், ரெண்டு இடத்தில வோல்ற்றேச் மற்றதுகளோட ஒத்து வரேல்லை. அதுக்குப் பிறகு விக்கிறவர் தானாகவே 58 ஐ 51 ஆக்கினார். ஒண்டும் கேக்காமல் ஏழு லட்சம் குறைச்ச உடன எனக்கு இன்னும் பயம் பிடிச்சுது.

கடைசியில அப்பாவை ஏறச் சொன்னன். சீற் பதிவு. இருந்திட்டார், எழும்ப ஏலேல்லை. நானும் அண்ணையும் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கினம். இவ்வளவு நாளும் கிலோமீற்றர், பற்றரி எண்டு கதைச்சனாங்கள், கார் ஆருக்கு எண்டதை நானே மறந்திட்டன். வரேக்க அவர் ஒண்டும் கதைக்கேல்லை.

கிளிநொச்சி ரிங்கர் · தை 17, இரவு 9.50

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது கெட்டித்தனம் தம்பி. அது எனக்கும் ஓடேல்லை.

அப்ப உனக்கு உயரச் சீற் வேணும். ஜப்பான் வகன்ஆர் நல்லம், ஆனால் லீசிங் இல்லாமல் எட்டாது. இந்தியன் வகன்ஆர் எண்டு ஒண்டு இருக்கு, மாருதி. ஆயிரம் சி.சி., மனுவல் கியர். ஆக்கள் அதைத் திரும்பியும் பாக்கிறேல்லை, பாக்க முட்டைப் பெட்டி மாதிரி இருக்கும். 2010 க்குப் பிறகு வந்த அந்த மொடலுக்கு எஞ்சினுக்கு உள்ள பெல்ற்றுக்குப் பதிலாச் செயின், அதால பெல்ற் மாத்திற கதை இல்லை. கதவு நல்லா விரியும், வருத்தக்காரர் குனியாமல் இருக்கலாம். ஏ.சி. போட்டுக்கொண்டு நாலு பேரோட இழுக்கக் கொஞ்சம் முக்கும், அவ்வளவுதான்.

ஒட்டுசுட்டான் · தை 17, இரவு 9.58

முட்டைப் பெட்டி எண்டு சொல்லி விலையைக் குறைச்சு வை அண்ணை, நானும் தேடுறன்.

வவுனியா 21 · தை 18, காலை 8.05

அந்த அக்குவா எங்கட இடத்தில நிண்டது இல்லை எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொள்ளுறன். தாள் ஆவணி, வெள்ளம் கார்த்திகை. புத்தகக்காரர் வித்தது நல்ல கார், பேந்து கைமாறின இடத்தில தாண்டிருக்கு. அவருக்குத் தன்ர பேரில ஒரு வெள்ளக் கார் திரியுது எண்டே தெரியாது. அதுவும் ஓப்பன் பேப்பர்தான். ரீச்சர், இந்த முறை நீங்கள் வெண்டிட்டியள்.

மல்லாவிக் காற்று · தை 31, இரவு 8.15

ஆறுதலாத் தேடினனான். கிளிநொச்சியில ஒரு தாதி அக்கா விக்கிறா, இந்தியன் வகன்ஆர், 2012. 39 கேட்டவ. ஓட்டம் 1,34,000, மீற்றரில அப்பிடியே நிக்குது. புத்தகத்தில அவவின்ர பேர்தான். வெளிநாடு போறாவாம். இடது பக்கக் கதவு ரெண்டும் பெயின்ற் அடிச்சது, "மாடு" எண்டு கேக்க முதலே சொன்னவ. அப்பா கையைக் கதவில ஊண்டித் தானே ஏறித் தானே இறங்கினவர். ரெண்டு தரம் செய்து காட்டினவர்.

ஒரு சிக்கல்: முழு உரிமையாளர் இடத்தில ஒரு லீசிங் கம்பனி நிக்குது. 2019 இல கட்டி முடிச்சதாம், பற்றுச்சீட்டு இருக்கு, ஆனால் நீக்கேல்லை.

புதுக்குடியிருப்பு ரீச்சர் · தை 31, இரவு 8.40

பற்றுச்சீட்டு காணாது தம்பி. அவவே போய் விடுவிப்புக் கடிதம் எடுக்கட்டும். நல்ல மனுசி எண்டால் கோவிக்க மாட்டா. அதுவரை டோக்கனா சின்னக் காசு குடுத்து, எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ. மிச்சக் காசு வங்கியால அனுப்புங்கோ, கையில வேண்டாம். கார் கைமாறுற அண்டைக்குத் திகதி மட்டும் இல்லை, நேரமும் எழுத வேணும். பத்து மணிக்கு அவ வித்து, ஒன்பதரைக்கு அவவின்ர தம்பி ஆரையும் தட்டியிருந்தால் அது உங்கட தலையில விழக் கூடாது. இன்சூரன்ஸ் அவவின்ர பேரில இருக்கிறதை நம்பி ஓடாதேங்கோ, அண்டைக்கே உங்கட பேரில புதுசாப் போடுங்கோ. பேர் மாத்த இப்ப வரி இலக்கமும் கேக்கினம், இல்லாட்டி இப்பவே எடுத்து வையுங்கோ.

மல்லாவிக் காற்று · மாசி 14, இரவு 7.30

கடிதம் வர ஒன்பது நாள் எடுத்தது. ரெண்டு ரயர் 2017 எண்டு காட்டி 37 க்கு முடிச்சாச்சு. லீசிங் இல்லை. பேர் மாத்தக் குடுத்தாச்சு. மிச்சக் காசில புது ரயர் நாலும் போடுறன்.

நேற்று முதல் கிளினிக் ஓட்டம். போகேக்க நல்லாப் போச்சு. வரேக்க ஓமந்தை தாண்ட வெப்பமானி நடுவை விடக் கொஞ்சம் ஏறினது. ஏ.சி.யை நிப்பாட்ட இறங்கிட்டுது. இண்டைக்கு ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் கூலன்ற் இல்லை, தண்ணி. மூடியின்ர உள்பக்கம் வெள்ளையாச் சுண்ணாம்பு. நான் பாக்க மறந்த ஒரே இடம் அதுதான். பெரிய பிரச்சினையோ?

கிளிநொச்சி ரிங்கர் · மாசி 14, இரவு 8.05

கிணத்துத் தண்ணி விட்டிருக்கினம். எங்கட தண்ணியில கேத்தில் என்ன பாடுபடுதோ அதுதான் ரேடியேற்றருக்கும். இப்ப பிடிச்சது நல்லம், விட்டிருந்தால் எஞ்சின் ஹெட் போயிருக்கும். சூட்டைக் கட்டுப்படுத்துற தேர்மோஸ்ரற்றைக் கழட்டிப்போட்டு ஓடு எண்டு ஆரும் சொன்னால் கேக்காத. காத்தாடி சுழலுதோ எண்டும் பார். இனி எப்பிடி அவசரம் எண்டாலும் கிணத்துத் தண்ணி விடாத, பற்றரிக்கு விடுற தண்ணிப் போத்தில் ரெண்டு டிக்கியில வச்சிரு.

வாற சனி கொண்டு வா, கழுவிக் கூலன்ற் விட்டுத் தாறன். காலமை எட்டு மணிக்கு முன்னம் வர வேணும், பேந்து எனக்கு ஒரு கலியாண வீடு. சூடா வராத, உருத்திரபுரத்தில உன்ர சொந்தக்காரர் இருக்கினம் எண்டால் முதல் நாள் இரவே வந்து நில்.

மல்லாவிக் காற்று · மாசி 14, இரவு 8.12

சரி அண்ணை. அப்பாவும் வாறாராம்.